மத்தியின் வயிறும் அப்பவே அண்ணனும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. முன்னறிவு துளியும் கிடையாது. பின்னறிவோ பீப்பாய் பீப்பாயாக இருக்கும். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பதுதான் இவர்களுடைய கொடி. எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? எங்கேதான் இல்லை! மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, தலையில் மீன்கூடை சுமந்து, இன்று மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கே முதலாளியாகி, படித்தவர்களை வரிசையில் நிற்க வைத்து வேலை கொடுக்கிறேனே, அந்த என் ஆலையிலேயே ஒருவர் இருக்கிறார். மேற்பார்வையாளர். பட்டப்பெயர், அப்பவே அண்ணன்.

மத்திக் கூட்டத்தில் முன்னால் போகிற மீன் திரும்பினால் மொத்தமும் திரும்பும். நம் அண்ணன் கடைசி வரிசை மீன். திரும்பி முடித்ததும், திருப்பியதே தான்தான் என்பார்.

போன மாதம் நான் துறைமுகத்தில் இருந்தபோது ஆலையில் ஒரு லாரி மத்தி வந்து இறங்கியது. ஐஸ் வண்டியைக் காணோம். மத்தி பொறுமை கெட்ட மீன். குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் வயிறு வெடித்துவிடும். வெடித்தால் டப்பாவுக்கு ஆகாது, கோழித் தீவனம்தான்.

வெட்டுமேசை அக்கா ஓடி வந்தாள். “அண்ணே, ஐஸுக்குக் காத்திருக்கவா, உப்புத் தண்ணியில போட்டுரவா?”

அண்ணன் வாசலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “காத்திரும்மா.”

அடுத்த நிமிடம் தொட்டிக்காரர் காதில், “ஐஸ் வராதுய்யா. உப்புத் தண்ணி கலக்கி வை.”

எது நடந்தாலும் ‘அப்பவே சொன்னேன்’ என்று சொல்லப் பக்கத்துக்கு ஒரு சாட்சி! தொட்டிக்காரர் தண்ணீரைக் கலக்கிவிட்டு மீனுக்காகக் காத்திருந்தார். அக்கா மீனை வைத்துக்கொண்டு ஐஸுக்காகக் காத்திருந்தாள். மத்தி யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நான் வந்தபோது மேசை முழுக்க வெடித்த வயிறு.

“ஐஸ் வராதுன்னு நான் அப்பவே சொன்னேன் முதலாளி!”

“எங்கிட்ட காத்திருன்னீங்களே!” என்றாள் அக்கா.

அண்ணன் அசரவில்லை. “நான் சொன்ன ரெண்டுல ஒண்ணு பலிச்சிருச்சா இல்லையா?”

“அதைக் கோழிங்ககிட்ட போய்ச் சொல்லுங்க,” என்றாள் அக்கா. “ அதுங்கதான் திங்கப்போவுது.”

அன்றே அவரைத் தீவன மூட்டை தைக்கிற கொட்டகைக்கு மாற்றினேன். போனதும் கோணி ஊசியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாராம்: “என்னை இங்கதான் அனுப்புவாங்கன்னு நான் அப்பவே சொன்னேன்!”

சிரிக்கிறீர்கள். சரி. ‘இது இப்படித்தான் முடியும்னு எனக்கு அப்பவே தெரியும்’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயைத் திறந்தீர்களே, மூடிக்கொள்ளுங்கள். மீன் வாடை அடிக்கிறது.