ஒரிஜினல் இணைக்கப்படவில்லை

கடல் கடந்து உழைக்கும் தமிழர்களின் கண்ணீரைத் துடைக்க, தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துயர்துடைப்புத் துணை அலுவலகம் செவ்வனே இயங்கி வருகிறது. ஃபேன் சுற்றுவதையும் இயக்கம் என்றுதானே சொல்ல வேண்டும்?

மீன் விற்கும் அங்காளம்மா கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஐந்தாவது முறையாக அந்தப் படியேறினாள். புருஷன் துலுக்காணம் வளைகுடாவில் மீன்பிடி போட்டில் வேலை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டான் படகு முதலாளி. இங்கே ஆவணியில் மகள் புஷ்பலதாவுக்குக் கல்யாணம். அப்பா வந்து நிற்காமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்கிறது பெண்.

முதல் முறை வந்தபோதே உதவி அலுவலர் சூர்யநாராயணன் சட்டத்தைத் தெளிவாக்கிவிட்டார்.

"புகார்தாரர் நேர்ல வரணும்மா."

"அவரு வர முடிஞ்சா நா ஏன் சார் வரேன்?"

"விதியில இடமில்லையே. வர முடியலைன்னா பாஸ்போர்ட் ஒரிஜினலை அனுப்பச் சொல்லுங்க."

"அத்ததான் சார் முதலாளி பூட்டி வெச்சிக்கினு கீறான்."

"அப்ப, பூட்டி வெச்சிருக்கேன்னு அவன்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

அங்காளம்மா லேசுப்பட்டவளா? இதோ, வாங்கியே வந்துவிட்டாள். முதலாளி சந்தோஷமாக முத்திரை குத்தி அனுப்பியிருந்தான்: 'மேற்படி பாஸ்போர்ட் என் இரும்புப் பெட்டியில் பத்திரமாக உள்ளது.'

சூர்யநாராயணன் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. கோப்பில் எழுதினார்: 'பாஸ்போர்ட் தொலையவில்லை. உரிய பாதுகாப்பில் உள்ளது. குறை தீர்க்கப்பட்டது.'

அங்காளம்மா மேசையைப் படாரென்று தட்டினாள். "என் ரேஷன் கார்டையாவது குடு சார்."

மனுதாரர் பாதியில் ஓடிவிடக் கூடாது என்று முதல் நாளே ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வது அலுவலக வழக்கம்.

"மூணு வருஷம் கழிச்சுதாம்மா தருவோம். பத்திரமா இருக்கும்."

"அந்த முதலாளியும் இதையேதான் சார் சொல்றான்."

சூர்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது. "என் கதை தெரியுமாம்மா? நான் கான்ட்ராக்ட் ஆளு. டிகிரி சர்டிபிகேட் ஏழு வருஷமா, என்னை இங்க வேலைக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் பீரோவுல. வேற வேலைக்கும் போக முடியல."

அவ்வளவு நேரம் இருந்த கோபம் அங்காளம்மாவுக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. "அடப் பாவமே. நீயும் நம்ம கேஸா? ஒரு மனு எழுது சார், நா சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

ஏழு வருஷமாக இது தோன்றவே இல்லையே என்று அவருக்கே ஆச்சரியம். மளமளவென்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மேசையைச் சுற்றி வந்து, மனுதாரர் நிற்கும் இடத்தில் பணிவாக நின்று, மனுவை மேசை மேலிருந்த மனுத் தட்டில் வைத்தார். பிறகு திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி மாட்டி அதே மனுவை எடுத்துப் படித்தார். கண் கலங்கிவிட்டது, பாவம்.

கலங்கிய கண்ணோடு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஓங்கி ஒரு குத்து. 'ஒரிஜினல் இணைக்கப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

"அடுத்த ஆள் வாங்க" என்றார்.

வரிசையில் நின்ற பத்துப் பேரும் தத்தம் ஒரிஜினலை எடுத்துத் தயாராகப் பிடித்துக்கொண்டார்கள்.

அங்காளம்மா படியிறங்கி, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"யோவ், உன்னயாவது இன்னொருத்தன் புடிச்சு வெச்சிக்கினு கீறான். இங்க ஒருத்தரு தன்னத்தானே புடிச்சு வெச்சிக்கினு கீறாரு. பொண்ணுகிட்ட நா பேசிக்கிறேன், கல்யாணத்த வீடியோவுல பாத்துக்க."