மூணு நாள் பீட்ரூட்

ஞானதுரை ஒரு சபதம் எடுத்தான். காலை ஆறு மணிக்கு, வீட்டுக் கக்கூசில் நின்றபடி எடுத்த சபதம். 'இது செங்கொடிக்குத் தெரியவே கூடாது.'

இது என்றால், சிறுநீரில் வந்த ரத்தம். வலி இல்லை, எரிச்சல் இல்லை. ரோஸ் மில்க் மாதிரி வந்துவிட்டுப் போனது.

எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் டிரைவர் அவன். கேட்டுக்கு வெளியே வரிசையில் எட்டு மணி நேரம் வண்டி நிற்கும். ஒதுங்கப் போனால் பின்னால் இருப்பவன் இடத்தைப் பிடித்துக்கொள்வான். அதனால் ஞானதுரை தண்ணீரே குடிக்க மாட்டான். வந்ததையும் அடக்கிக்கொள்வான். அதில் பதினைந்து வருஷத்துப் பெருமை வேறு. இப்போது அந்த இடத்திலேயே அடி விழுந்ததில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிது பயம். லாரிக்காரனுக்கு அங்கே கோளாறு என்றால் பொண்டாட்டி என்ன நினைப்பாள்? எங்கே போய்த் தொலைந்தானோ என்றுதானே?

செங்கொடி லேசுப்பட்டவள் இல்லை. துறைமுகத் தொழிற்சங்கக்காரர் மகள். அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் எந்த முதலாளியும் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

பீட்ரூட் தின்றால் சிறுநீர் சிவக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. போதாதா? அவள் கண்ணில் பட்டாலும் பழியைக் காய் மேல் போட்டுவிடலாம்.

"இன்னிலேர்ந்து தெனம் பீட்ரூட் பொரியல் பண்ணுமே."

"நீயா? பொறந்ததுலேர்ந்து அத்த வாயில வெச்சதே இல்லன்னு சொல்லுவியே?"

"ஒடம்புக்கு நல்லதுமே. ரத்தம் ஊறுமாம்."

"ஊறட்டும்," என்றாள் செங்கொடி.

மூன்று நாள் தட்டில் சிவப்பாக ஒரு குவியல். ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். நான்காம் நாள் டியூட்டி அவசரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்து வெளியே வந்துவிட்டான். அடுத்து உள்ளே போன செங்கொடி, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னாய்யா, உள்ள செவப்பா கீது?"

"எல்லாம் அந்த பீட்ரூட்டுமே! துன்னா அப்டித்தான் போவும்."

"சத்தியமா பீட்ரூட்டுதானா?"

"ஒன் தல மேல சத்தியமா!"

"போச்சு, என் தல போச்சு. மூணு நாளா நீ துன்னது நூக்கல்யா! கலர் பவுடர் போட்ட நூக்கல். நீ பீட்ரூட் கேட்டப்பவே எனக்கு சந்தேகம். இன்னாத்த மறைக்கிறன்னு பாக்கத்தான் போட்டேன்."

ஞானதுரைக்குத் திரும்பக் கக்கூசுக்குள்ளேயே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. "நான் எந்தத் தப்புக்கும் போலமே," என்று தரையைப் பார்த்து முனகினான்.

"தப்புன்னு யார்யா சொன்னா? ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?" அவள் குரல் உடைந்தது. "கெளம்பு."

ராயபுரத்து டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "கல்லும் நோய்த்தொற்றும் இருக்கு. தப்பிச்சீங்க. வலியில்லாம ரத்தம் வந்தா சமயத்துல புற்றுநோயாகூட இருக்கும். ஒரே ஒரு தடவ வந்தாலும் ஓடி வரணும். மாத்திரைய முடிச்சுட்டு மறுபடி வாங்க, டெஸ்ட் எடுக்கணும். தண்ணி நிறைய குடிங்க. அடக்காதீங்க."

"அடக்கலன்னா வரிசை போயிடுமே டாக்டர்," என்று இழுத்தான் ஞானதுரை.

செங்கொடி மருந்துச் சீட்டோடு அவன் போனையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் எண்ணூர் சாலை. வரிசையில் நின்று ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். பின்வண்டி ஜீஷான் ஹாரன் அடித்தான். முன்வண்டிக்காரனும் அடித்தான். அப்புறம் கேட் வரைக்கும் அத்தனை வண்டியும் அடித்தது. ஞானதுரை தலையை வெளியே நீட்டினான்.

"எறங்கு அண்ணாத்த!" என்று ரோடே கேட்கக் கத்தினான் ஜீஷான். "அண்ணி ஒன் போன்லேர்ந்தே டிரைவர் குரூப்புல வாய்ஸ் போட்டுக்கீறாங்க. ஒன் எடத்த நாங்க பாத்துக்குறோம், நீ மொதல்ல ஒண்ணுக்குப் போய்ட்டு வா!"