உத்திராபதியின் கைமணம்

"அண்ணே, அரியலூர் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல விசிலடிச்சு பஸ்ஸ நிறுத்திட்டேன். பாசஞ்சருக்காக இல்ல, எனக்காக!"

கண்டக்டர் அருள்முருகன் வயிற்றைப் பிடித்தபடி இதைச் சொன்னபோது, உத்திராபதி தோசையைத் திருப்ப மறந்துவிட்டார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருடமாக நடக்கும் டிபன் கடை அது. பஸ்காரர்கள்தான் வாடிக்கை. சீதபேதி என்று இரண்டு மாதத்தில் இவரோடு ஆறு பேர் ஆயிற்று. இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டு ஊர்ப்பக்கம் போக வேண்டியதுதான்.

"எங் கடையிலயா? நானும் இதத்தானடா திங்கறேன். எனக்கு ஒருநாளாவது வவுறு வலிச்சிருக்கா?"

அதுதான் அவருடைய சான்றிதழ். கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று கல்லாவில் உட்கார்ந்து தட்டிக் காட்டுவார்.

இருந்தாலும் தண்ணீர் மேல் சந்தேகம் வந்து, கேன் தண்ணீருக்கு மாறினார். மேலும் இரண்டு டிரைவர்கள் படுத்தார்கள். சட்னியை நிறுத்தினார். சட்னி இல்லாத இட்லியைத் திட்டிக்கொண்டே தின்றவர்களும் படுத்தார்கள். அவருக்கு மனசு கேட்கவில்லை. வயிறு சரியில்லாதவர்களுக்கென்று தினமும் ஒரு சட்டி தயிர்சாதம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார். அதில் கரண்டி படக்கூடாது, தன் கையாலேயே குழையப் பிசைய வேண்டும் என்பது அவர் கட்டளை.

"கைமணம்யா! வவுத்துக்கு இத விட மருந்து ஏது?"

மருந்து சாப்பிட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் வியாதி இரண்டு மடங்காயிற்று.

கடைசியில் அவர் கண் முத்தாயி மேல் விழுந்தது. பாத்திரம் துலக்குவதும், கடைக்குப் பின்னால் முதலாளிக்கு மட்டும் என்று இருந்த கக்கூஸைக் காலையில் கழுவிவிடுவதும் அவள் வேலை. சேர்ந்து ஆறு வருடத்தில் ஒரு வாய் கடைச்சோறு அவள் தின்றதில்லை. தூக்குவாளியில் வீட்டிலிருந்து கொண்டு வருவாள். எத்தனை தடவை கேட்டாலும் "வேணாங்க, கொண்டாந்திருக்கேன்" என்பதுதான் பதில்.

முன்பு அதைத் திமிர் என்று நினைத்திருந்தார். இப்போது அதற்குக் காரணம் பிடிபட்டதுபோல் இருந்தது. தான் பாத்திரம் கழுவும் லட்சணம் அவளுக்கே தெரியும்!

"நாளையிலேருந்து வேலைக்கு வராத, முத்தாயி."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பாவங்க அது. ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவும்?" என்றாள் மனைவி ஜானகி. மூன்று வாரத்தில் அவளும் படுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் உத்திராபதிக்கு உண்மையாகவே பயம் வந்தது.

டாக்டர் எல்லோரையும் பரிசோதிக்கச் சொன்னார். முத்தாயியையும் ஆள் அனுப்பி வரவழைத்தார் உத்திராபதி. குற்றம் நிரூபணமாக வேண்டுமே! மலப் பரிசோதனைக்கு மூன்று சின்ன டப்பாக்கள் லேபுக்குப் போயின.

மறுநாள் உத்திராபதியும் முத்தாயியும் போய் உட்கார, லேப் டெக்னீஷியன் வெற்றிச்செல்வி ரிசல்ட்டைப் படித்தாள்.

"அமீபாங்க. ஜானகியம்மாவுக்கு இருக்கு. முத்தாயிக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் நெறய இருக்கு."

"எனக்கா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லியேம்மா!"

"அதாங்க அதோட சாமர்த்தியம். உருண்டையா, ஓடு போட்டுக்கிட்டு வாய் வழியா உள்ள போவும். அந்த ஓடு இருக்கறதால வயித்து அமிலம்கூட அத ஒண்ணும் பண்ணாது. சிறுகுடல்ல அந்த ஓட்டக் கழட்டிப்போட்டு வெளிய வந்து, பெருங்குடல்ல குடித்தனம் நடத்திப் பெருகும். சில பேருக்குக் குடல அரிச்சுப் புண்ணாக்கிடும். நெறய பேருக்கு ஒண்ணுமே தெரியாது. அப்புறம் திரும்பவும் ஓடு போட்டுக்கிட்டு மலத்தோட வெளிய வந்து, அடுத்த வாய்க்குக் காத்திருக்கும்."

"வெளிய போனது அடுத்தவன் வாய்க்கு எப்படிம்மா போவும்?"

"கை வழியாத்தான்."

"அது இடது கைம்மா. நான் பிசையறது சோத்துக்கையில!"

"ரெண்டு கையையும் சேத்து வச்சுத்தானங்க தேச்சுக் கழுவுறீங்க? பயப்படாதீங்க, மாத்திரையில சரியாயிரும்."

உத்திராபதி இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். இருபது வருடமாக ஊரே மெச்சிய கை. எத்தனை பேருக்கு அன்போடு பிசைந்து கொடுத்த கை! கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுவே அவரை அதிகம் வதைத்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த முத்தாயியை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"மனசுல வச்சிக்காத முத்தாயி. தப்பு எம்மேல. நாளைக்கே வேலைக்கு வந்துரு."

"சரிங்க."

"ஒண்ணு மட்டும் சொல்லு. இத்தன வருசமா நம்ம கடையில ஒரு வாய்கூட நீ ஏன் சாப்புடல?"

முத்தாயி தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேலைக்குச் சேந்த அன்னிக்கு, உங்க கக்கூஸ் மாடத்துல புதுசா ஒரு சோப்பு வச்சேங்க. அதுல எழுத்துகூட இன்னும் அழியல."