கருப்பு ஒயரும் டிரைவர் சீட்டும்

எல்லாரும் உக்காருங்க. அந்த ஃபோனக் கவுத்து வைங்க. மச்சான், வாய மூடு, நீ பேசினா எனக்குப் பேச வராது. பின்வரிசை, சிரிப்ப கடைசிக்கு வெச்சுக்கோங்க. எப்படியும் என்னப் பாத்துத்தான் சிரிக்கப் போறீங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?

விஷயம் இதுதான். எங்க வீட்டம்மா கார் லைசென்ஸ் வாங்கிட்டா. மொதல் தடவயே! நான் டெஸ்டுக்குப் போனப்பல்லாம் இன்ஸ்பெக்டர் மரத்துக்குப் பின்னாடி நின்னுதான் பாப்பாரு. இவளுக்கு முன்சீட்டுல உக்காந்து, "நல்லா ஓட்டறீங்கம்மா"ன்னு பல்லெல்லாம் காட்டிக் கையெழுத்துப் போட்டாரு. அன்னிக்கு எடுத்தேன் சபதம். டிவி ரிமோட்டு அவ கையில. பீரோ சாவி அவ கையில. ஸ்டியரிங் மட்டுமாவது என் கையில இருக்கணும்.

நேரா "ஓட்டாத"ன்னு சொல்ல முடியுமா? சொல்லிட்டு எங்க போய்ச் சாப்பிடறது? அதனால மூளைய உபயோகிச்சேன். இருக்கிறது கொஞ்சம்தான், ஆனா புதுசு, அதிகம் புழங்காதது. சாயங்காலம் ஷெட்டுல வண்டிய விட்டதும் பானட்டத் தூக்கி, தண்ணி பாக்கற மாதிரி குனிவேன். பேட்டரி மேல இருக்கிற கருப்பு ஒயர உருவி விட்டுருவேன். காலைல இவ வந்து சாவியத் திருகுவா. வண்டி கல்லு மாதிரி நிக்கும்.

"ஏங்க, ஸ்டார்ட் ஆகலைங்க."

"நகரு. வண்டிக்கு ஆளத் தெரியும்."

பானட்டுக்குள்ள தலைய விட்டு, ப்பூன்னு ஊதி, ரெண்டு தட்டு தட்டி, ஒயர மாட்டிட்டு வந்து திருகினா, டுர்ர்ர்!

"உங்க கைராசியே தனிங்க"ம்பா. எனக்குச் சட்டை பட்டன் தெறிக்கும்.

இப்படி ராஜாவா போயிட்டிருந்தப்பதான் மாமனார் வந்தாரு. கண்ணு சரியாத் தெரியலையாம், டாக்டர்கிட்ட காட்டணுமாம். ஷெட்டுக்கு எதிர்ல இருக்கிற ரூமக் குடுத்தோம். நான் யார் குரலா இருந்தாலும் பேசிக் காட்டுவேன், உங்களுக்கே தெரியும். அவரு குரல் மட்டும் வராது. கேட்டாத்தானே வரும்! காபி வேணுமான்னா தலைய ஆட்டுவாரு. வேணாமான்னாலும் அதே ஆட்டு.

டாக்டர்கிட்ட போற நாள் காலைல இவ ஆரம்பிச்சா.

"சாயங்காலம் அப்பாவ நானே கூட்டிட்டுப் போறேங்க."

"வண்டி என் கைக்குத்தான்மா படியும்."

"அப்படியா? அப்ப ஒரு பந்தயம். இன்னிக்கு யார் கையில வண்டி கிளம்புதோ, அவங்களுக்குத்தான் இனிமே டிரைவர் சீட்டு. சம்மதமா?"

எனக்கு உள்ளுக்குள்ள குத்தாட்டம். முந்தின நாளே ஒயர உருவி வெச்சாச்சே! "உங்கப்பாவே சாட்சி"ன்னேன். அவரு தலைய ஆட்டினாரு. பந்தயம்னு காதுல விழுந்து, சட்டைக்குக் காஜா எடுத்துட்டிருந்த பக்கத்து வீட்டு டெய்லர் ஊசியோட ஓடி வந்தாரு.

இவ திருகினா. சத்தமே இல்ல.

"நகரு"ன்னேன். பானட்டத் தூக்கினேன். ஒயர் மாட்டியிருக்கு! நெசமாவே உருவினேனா, உருவினதா நெனச்சுக்கிட்டேனா? போகட்டும்னு ஊதினேன், தட்டினேன், சாவியத் திருகினேன்.

டுர்ரும் இல்ல, புர்ரும் இல்ல. ஒரு விக்கல்கூட இல்ல.

"என்ன சார், கைராசிக்கு இன்னிக்கு லீவா?"ன்னாரு டெய்லர்.

"யோவ், பேட்டரி இறங்கிருக்கு. சார்ஜ் ஏத்தினா சரியாயிடும். கொண்டாய்யா, உன் வண்டி பேட்டரிக்குப் போடற சார்ஜர!"

வந்துச்சு. உள்ள இருட்டா இருக்கேன்னு பாக்கெட்லேர்ந்து லைட்டர எடுத்துப் பத்த வெச்சேன். இவ போட்டா பாருங்க ஒரு சத்தம்!

"ஐயோ, அணைங்க! பேட்டரிலேர்ந்து வாயு வரும், பட்டுனு வெடிக்கும். மூஞ்சி போயிடும்!"

"போனா என்ன, அழகான மூஞ்சியா?"ன்னாரு டெய்லர்.

லைட்டர உள்ள வெச்சுட்டு, வீரமா சார்ஜர ப்ளக்குல சொருகி சுவிட்சப் போட்டேன். கிளிப்பக் கொண்டு போய் பேட்டரியத் தொட்டேன். சர்ர்ருன்னு பொறி! நான் பின்னாடி தாவின தாவுல டெய்லர் காலு என் செருப்புக்கடியில. அவரு கத்தின கத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு.

இவ வந்தா. மொதல்ல சுவிட்ச அணைச்சு ப்ளக்கப் புடுங்கினா. ஷெட்டுக் கதவு ரெண்டையும் காத்து வர விரியத் தெறந்தா. தையல் மிஷின்கிட்ட போடற மூக்குக்கண்ணாடிய டெய்லர்கிட்ட வாங்கி, கண்ணுல பொறி படாம மாட்டிக்கிட்டா. கைவளையலக் கழட்டி என் கையில குடுத்தா. நான் வளையலோட நிக்கறேன், அவ ஸ்பேனரோட நிக்கறா. காலம்!

"மொதல்ல கருப்பு ஒயரக் கழட்டணும். அப்புறம்தான் சிவப்பு. மாட்டும்போது தலைகீழா, சிவப்பு மொதல்ல, கருப்பு கடைசி. சார்ஜருக்கு ரெண்டு கிளிப்பையும் மாட்டிட்டுத்தான் கரண்டு. எடுக்கும்போது கரண்ட அணைச்சுட்டுத்தான் கிளிப்பு. வீங்கியிருந்தா, ஒழுகியிருந்தா தொடவே கூடாது. வேற பேட்டரிதான்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"லைசென்ஸ் வாங்கறவங்க வண்டியையும் கத்துக்குவாங்கங்க."

டெய்லர் ஊசியால என்னக் குத்தியிருந்தாக்கூட இவ்ளோ வலிச்சிருக்காது.

கிளிப்ப மாட்டறதுக்கு முன்னாடி எல்லா சுவிட்சும் அணைஞ்சிருக்கான்னு பாக்க டிரைவர் சீட்டுல தலைய விட்டவ, மெதுவா நிமிர்ந்தா.

"ஏங்க, ஹெட்லைட்டு சுவிட்சு போட்டபடியே இருக்கு. ராத்திரி பூரா எரிஞ்சிருக்கு. யாரு போட்டது?"

"சத்தியமா நான் இல்ல!"

நான் உண்மை சொன்ன ஒரே நாள். ஒருத்தர் முகத்துலயும் நம்பிக்கை இல்ல. என் முகத்துலயே இல்ல.

பகல் பூரா சார்ஜ் ஏறுச்சு. நான் பக்கத்துல ஸ்டூலப் போட்டு, பிரசவ வார்டு வாசல்ல உக்காந்த மாதிரி உக்காந்திருந்தேன். சாயங்காலம் இவ கரண்ட அணைச்சா, கிளிப்ப எடுத்தா, சிவப்பு, கருப்புன்னு ஒயர மாட்டினா. சீட்ட முன்னால இழுத்துக்கிட்டா. சாவியத் திருகினா.

டுர்ர்ர்ர்!

டெய்லர் கை தட்டினாரு. இவ தட்டல. பின்னாடி பாக்கற கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு, "அப்பா, முன்னாடி ஏறுங்க. ஏங்க, நீங்க பின்னாடி"ன்னா.

முன்சீட்டும் போச்சு.

நல்லாத்தான் ஓட்டினா. குறை சொல்ல ஏதாவது கெடைக்குமான்னு தெரு முனை வரைக்கும் பாத்தேன், கெடைக்கல. தாங்க முடியாம வாயத் தெறந்தேன்.

"எல்லாம் சரி. நான் உருவி வெச்ச ஒயரு தானா எப்படி மாட்டிக்கும்?"

சொன்னதுக்கு அப்புறம்தான் என்ன சொல்லிட்டேன்னு உறைச்சுது. கண்ணாடிக்குள்ள இவ கண்ணு என்னையே பாத்துச்சு. அப்பதான், வந்ததுலேர்ந்து மொத மொதலா, மாமனார் தொண்டையக் கனைச்சாரு.

"எனக்குக் கிட்டத்துலதான் கண்ணு தெரியல மாப்ள. ஜன்னல்லேர்ந்து ஷெட்டு வரைக்கும் நல்லாவே தெரியுது. ஒயரத் தடவித் தடவி மாட்டிட்டேன். லைட்டப் போட்டுப் பாத்தேன், எரிஞ்சுது. அணைக்கத்தான் தோணல."