கனடாவிலிருந்து நீர்வேலிக்குத் தண்ணீர் இறைத்த கதை

பல்கலைக்கழகம் என்ன தந்தது என்று கேட்டால் மற்றவர்கள் சான்றிதழைக் காட்டுவார்கள். நான் ஒரு வாழைத்தோட்டத்தையும், அதில் தொப்பலாக நனைந்து நின்ற என் விரிவுரையாளரையும் காட்டவேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் படித்த இறுதி வருடம் அது. நீர்வேலியில் எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டரோடு ஒரு பெட்டியைப் பூட்டினேன். அதற்குள் ஒரு சிம். அந்த இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்தால் மோட்டர் ஓடும், மறுமுறை அழைத்தால் நிற்கும். இதுதான் பட்டத்துக்காக நான் செய்த இறுதி வருடச் செயல்திட்டம். (உலகமே என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று நம்பினேன். பார்க்கத்தான் செய்தது.) தேறாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அதை மதிப்பிட என் விரிவுரையாளர், எங்களுக்கு மிஸ், தோட்டத்துக்கே வந்தார். எதையும் அது வேலை செய்கிற இடத்தில்தான் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு குழாயின் வாயருகே குனிந்து, "இதுக்குள்ளாலையோ தண்ணி வரும்?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்கமுன் தண்ணீரே பதில் சொல்லிவிட்டது.

"நீர் இப்ப கோல் எடுத்தனீரோ?" மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"இல்லை மிஸ்."

நிறுத்துவதற்காக அழைத்தேன். லைன் பிஸி. (நானே செய்த பெட்டி, எனக்கே இடமில்லை.) தண்ணீர் தானாக நின்றது. மிஸ் நிமிர்ந்தார். மறுபடி பாய்ந்தது.

வேலியருகே அம்மா போனில் கதைத்துக்கொண்டிருந்தார். "ஓமடி, அந்த நம்பர்தான். அடிச்சுப் பார், இஞ்சை தண்ணி பாயும். இப்பதான் லண்டன் மாமாவும் அடிச்சவர்."

"அம்மா, ஆருக்குக் குடுத்தனீங்கள் நம்பரை?"

"எல்லாருக்கும்தான். என்ரை பிள்ளை செய்தது எண்டு சனம் அறியவேண்டாமோ?"

கனடாவில் சித்தி இதற்காகவே அலாரம் வைத்து எழும்பியிருந்தாராம். நெல்லியடிப் பெரியம்மாவும் விடவில்லை. கடல் கடந்துபோன சொந்தம் முழுக்க அன்று எங்கள் வாழைக்குத் தண்ணீர் இறைத்தது. நான் வயரைப் பிடுங்கிவிட்டு, பட்டம் போயிற்று என்று பாத்தியில் குந்தி அழுதேன்.

மிஸ் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, "பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார். "ஆனா கோல் எடுக்கிறது ஆரெண்டு அது கேக்கேல்லை. நீரும் யோசிக்கேல்லை. திருத்தும், பின்னேரம் வரைக்கும் இருக்கிறன்."

அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணி குடித்தபடி உண்மையாகவே இருந்தார். ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. அதுவரை சோதனைக்காகப் பாடமாக்கியதெல்லாம் அன்று மத்தியானம்தான் எனக்கு விளங்கியது. அனுமதித்த இலக்கங்களுக்கு மட்டும் பணியும்படி மாற்றி எழுதினேன். பின்னேரம் நான் அழைத்தேன், மோட்டர் ஓடியது. மிஸ் தன் போனிலிருந்து அழைத்தார், பெட்டி சட்டைசெய்யவில்லை. தன்னை மதிக்காத பெட்டியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்புக்காக இன்னொருதரம் பல்கலைக்கழகம் போகலாம்.

இன்று யாழ்ப்பாணத்திலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். எந்தத் தகவலை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று காவல் காப்பதுதான் வேலை. நேர்முகத் தேர்வில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். இப்போது அலுவலகத்தில் புதிதாக எதைச் செய்தாலும், வெளியே விடமுன் ஒருவர் கேட்பார்: "அம்மாட்டைக் குடுத்துப் பாத்தாச்சோ?"

இந்த உத்தியோகம் தன்னால் கிடைத்தது என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். அது பொய்யுமில்லை. கனடாச் சித்திக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வாழ்த்துச் சொன்ன கையோடு கேட்பார்: "பிள்ளை, இப்பவாவது என்ரை நம்பரைச் சேர்த்தனியோ?"

சேர்க்கவில்லை. ஏன் சேர்த்தனீர் என்று மிஸ் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?