தன்னைத்தானே எதிர்த்த முதலமைச்சர்

கோடையிலும் குளம் வற்றாத ஒரு காட்டில், சிவப்புக் கொடி பிடித்த செந்நாய்க் கட்சி தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தது. வந்த கையோடு, யானைகள் தண்ணீர் குடிக்கப் போகும் பாதையின் நட்டநடுவே கட்சி அலுவலகத்தைக் கட்டியது. குட்டிகள் தாகத்தில் தவித்தன. மரகதவல்லி என்ற யானை வழக்குப் போட்டாள். "கட்டடத்தை உடனே அகற்று" என்று நீதிபதி ஆமையார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த வேலை இன்ஸ்பெக்டர் சடையப்பன் தலையில் விழுந்தது. சடையப்பன் ஒரு பயந்த முள்ளம்பன்றி. நேராக முதலமைச்சர் செந்நாய் வீரபாகுவிடம் ஓடினார்.

"ஐயா, கோர்ட் உத்தரவு. என்ன செய்யட்டும்?"

"இடித்துத் தள்ளும். அரசு சட்டத்துக்குக் கட்டுப்பட்டது" என்ற வீரபாகு, சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்கே ஐயா கிளம்பிவிட்டீர்கள்?"

"இடிப்பதைத் தடுக்கத்தான். கட்சி முடிவு அப்படி."

சடையப்பன் போய்ச் சேர்வதற்குள் கட்டடத்தின் முன்னால் கூட்டம் அலைமோதியது. முன்வரிசையில் வீரபாகு, "முதலமைச்சரே, பதவி விலகு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, விலகி நில்லுங்கள். இல்லாவிட்டால் கைது செய்ய வேண்டியிருக்கும்."

"அதற்கு உள்துறை அமைச்சரிடம் அனுமதி வாங்கினீரா?"

"உள்துறையும் உங்களிடம்தானே ஐயா இருக்கிறது?"

வீரபாகு கொஞ்சம் யோசித்தார். "சரி, அனுமதித்தேன்" என்றவர், சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா தோழர்களே, இந்த அரசின் அடக்குமுறையை!"

கூட்டம் புல்லரித்துப்போனது. கோஷம் போட்டபடி ஸ்டேஷன்வரை பின்னாலேயே வந்தது.

லாக்கப்பில் கால் வைத்ததும் வீரபாகு முகம் சுளித்தார்.

"இவ்வளவு கொசுவா! யார் இந்த ஸ்டேஷனுக்குப் பொறுப்பு?"

"நான்தான் ஐயா."

"உம்மை சஸ்பெண்ட் செய்கிறேன்." சொன்ன வாயோடு கம்பி வழியே கையை நீட்டி, சடையப்பனைத் தட்டிக்கொடுத்தார். "கவலை வேண்டாம் தோழரே. உம்மை சஸ்பெண்ட் செய்ததைக் கண்டித்து நாளை முழு காடடைப்பு!"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சடையப்பன் நின்றபோது, தூரத்தில் மடமடவென்று சத்தம் கேட்டது. ஆளில்லாத அலுவலகத்தின் ஊடாகவே நடந்து, மரகதவல்லி குட்டிகளோடு குளத்தில் இறங்கிவிட்டிருந்தாள்.

தீர்ப்பை நிறைவேற்றிவிட்டோம் என்று அரசு மார்தட்டியது. அநியாயமாக இடித்துவிட்டார்கள் என்று கட்சி குமுறியது. இரண்டு அறிக்கைகளையும் வீரபாகுவே வாசித்தார். சடையப்பனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. காடடைப்பு மட்டும் மாபெரும் வெற்றி.

நீதி: கோர்ட்டுக்குப் போனால் பாதை கிடைக்காது, ஆனால் பாதையை அடைத்தவர்கள் போராடக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து நடந்துவிட வேண்டும்.