பவுல்துரை தறியில் ஒயர்

அன்று காலை பத்தரை மணிக்குத் தறிக்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பவுல்துரை. ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த உதவிக்காரி செல்லியம்மாள். காபி டம்ளர்களோடு நின்ற பவுல்துரையின் மனைவி ஹெப்சிபா. கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஜெசி. அவள் கணவர் சார்லி, தெள்ளாரில் அறிவியல் ஆசிரியர். ஆறாவது ஆள் கைத்தறிச் சங்க மேனேஜர் ஹேமநாத். இவர்களைத் தவிர வேறு ஒருவரும் அங்கே இல்லை. 'நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்' என்று பிறகு ஆரணி முழுக்கச் சொல்லித் திரிந்த பதினைந்து பேரும் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

ஹேமநாத் குனிந்து தறிக்குழிக்குள் பார்த்தார்.

"ஐயா, மிதிகட்டைலேந்து ஒயர் வருதே, இது இன்னா?"

பவுல்துரை நெய்துகொண்டே இருந்தார். ஹேமநாத் இன்னொரு முறை உரக்கக் கேட்ட பிறகுதான் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை ஒரு பக்கம் லேசாகத் தூக்கினார். சித்திரை வெயிலில் காதை மூடித் துண்டு கட்டுகிறவர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். அனல் காற்று காதுக்கு ஆகவில்லை என்று ஒரு மாதமாக அப்படி.

"மாப்பிள்ளை செஞ்சு குடுத்தது" என்றார் பவுல்துரை. அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவர் நினைக்கவில்லை.

சார்லி முன்னால் வந்தார். "கரண்ட் உள்ள போகல சார், வெளிய வருது. மாமா மிதிக்கிறாரில்ல, அந்த மிதியில ஒரு சின்ன டைனமோ சுத்துது. அதுல போன் சார்ஜ் ஏறுது. நடக்கறது, மாடி ஏறறது, ஊஞ்சல் ஆடறது, மனுசன் அசையற எல்லாத்துலயும் கரண்ட் இருக்கு சார். நாமதான் வீணாக்கிகினு இருக்கோம்."

"போகுதோ வருதோ, கைத்தறியில ஒயர் இருக்கக் கூடாது சார்."

"இது கைத்தறிதான். கால்ல மிதிச்சு, கையில நாடா ஓட்டி நெய்யறாரு. நீங்களே பாக்கறீங்க."

"நான் பாக்கறேன். பாக்காதவங்க பெட்டிஷன் போட்டுட்டாங்களே" என்ற ஹேமநாத், சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். கையெழுத்து இல்லை. 'பவுல்துரை கரண்டில் புடவை நெய்கிறார். பதினைந்து நாள் புடவை பதினோரு நாளில் வருவது எப்படி? சங்கம் தூங்குகிறதா?' என்று அதில் இருந்தது.

பெயர் போடத் தைரியம் இல்லாதவனுக்கு நாட்கணக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது. போன இரண்டு புடவைகளும் பதினோரு நாளில்தான் இறங்கின. அறுபத்தொரு வயதில் ஒருவர் முன்னைவிடச் சுறுசுறுப்பாக உழைத்தால் பாராட்டுவது மனித இயல்பு. ஆரணியில் மொட்டைக் கடிதம் எழுதுகிறார்கள்.

இத்தனைக்கும் அந்த ஒயர் வந்த கதை மிகச் சாதாரணமானது. சங்கத்திலிருந்து கூப்பிட்டால் பவுல்துரை எடுப்பதில்லை, அவரிடம் போனே இல்லை. ஜெசி தன்னுடைய பழைய போனை, அதிலிருந்த எதையும் அழிக்காமல் அப்படியே அப்பாவிடம் கொடுத்தாள். அதன் பேட்டரி செத்துப் பல நாளாகியிருந்தது. சார்ஜரில் இருந்தால்தான் உயிர். தறிக்கூடத்தில் பிளக் கிடையாது. சார்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மிதிகட்டையில் டைனமோவைப் பொருத்தினார்.

"விடாம மிதிக்கணும் மாமா. நிறுத்துனா ரெண்டு நிமிஷத்துல போன் அணைஞ்சிடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பவுல்துரை அன்றே தறிக்காலில் ஒரு துணிப் பையைத் தொங்கவிட்டு அதில் போனை வைத்துக்கொண்டார். போன், சினிமா, சீரியல் எதுவும் அவருக்கு ஆகாது. சர்ச் சபையில் மூப்பர். சீரியல் ஓடுகிற வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கும் என்று சொல்லி, இருபது வருடமாக வீட்டுக்குள் டிவி வரவிடாதவர். அப்படிப்பட்டவர் ஒரு போனைக் கையால் தொட்டதே மாப்பிள்ளை மீதிருந்த மரியாதையால்தான் என்று ஹெப்சிபா எல்லாரிடமும் சொன்னாள்.

"சனிக்கிழமை வரேன்" என்றார் ஹேமநாத். "தறியில இருக்கறது கல்யாணப் புடவை. ஒயர் இருந்தா கைத்தறி முத்திரை குத்த மாட்டேன். சங்கம் குடுத்த பாவு நூலையும் திரும்ப எடுத்துக்கும். உங்க அப்பா காலத்துலேந்து இந்தத் தறி மேல ஒரு புகார் கிடையாது ஐயா. கெடுத்துக்காதீங்க."

அவர் போனதும் சார்லி ஸ்குரூ டிரைவரோடு வந்தார்.

"மாமா, கழட்டிடறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல."

"உங்களுக்கு இல்ல மாப்பிள்ளை. எனக்குக் கீது."

"புது போன் வாங்கித் தரேன்பா" என்றாள் ஜெசி. "சார்ஜ் ரெண்டு நாள் நிக்கும். இந்தப் பழசைத் தூக்கிப் போடலாம்."

"இந்த போனுக்கு இன்னா குறை? யாரும் அதைத் தொடக் கூடாது. என் வூட்டு மாப்பிள்ளை கை வச்சதை ஒரு மொட்டைக் கடுதாசிக்குப் பயந்து கழட்டினா, நாளைக்கு அவர் எந்த முகத்தோட இந்தத் தெருவுல நடப்பாரு?"

சார்லிக்குக் கண் கலங்கியது. தன் கல்யாணத்தன்று இரண்டு வார்த்தைகூடப் பேசாத மாமனார் இவர்.

கழற்றக் கூடாது என்றால் மறைக்கலாம் என்று ஹெப்சிபா முடிவு செய்தாள். ஒயரைச் சுவரோரமாக இறக்கி, மேலே பாயை விரித்து, பாயின் மேல் ஒரு அரிசி மூட்டையையும் வைத்தாள். அன்று மாலையே எதிர் வீட்டுத் தென்னரசு உப்பு கேட்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தான். நெசவாளி, வயது ஐம்பது, உப்பு வாங்கத் தானே வருகிற ஆள் இல்லை.

மறுநாள் காலை பால் வாங்கப் போன ஜெசி திரும்பி வந்து சொன்னாள்: "அம்மா, நாம தரைக்கு அடியில கேபிள் புதைச்சிருக்கோமாம்."

"யார் சொன்னது?"

"பால்காரரு. அவருக்கு மார்க்கெட்ல சொன்னாங்களாம்."

மறைத்ததால்தானே இந்தப் பேச்சு, வெளிப்படையாகவே சொல்லிவிடலாம் என்றார் சார்லி. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினார்: 'இத்தறி மின்சாரத்தால் இயங்குவது அல்ல. இத்தறி மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது.'

அரை மணி நேரத்தில் வாசலில் நான்கு பெண்கள் நின்றார்கள், நான்கு பேர் கையிலும் போன்.

"எங்க வூட்டாண்ட காலையிலேந்து கரண்ட் இல்ல, ஹெப்சிபாக்கா" என்றாள் குணசுந்தரி. "கொஞ்சம் சொருவி வையேன். ஜல்தி வேணும், ஆன்லைன் கிளாஸ் கீது."

"அண்ணனை இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிக்கச் சொல்லு" என்றாள் இன்னொருத்தி.

பவுல்துரை மூப்பரின் கால்களைத் தெருப் பெண்கள் சார்ஜர் என்று நினைத்த அந்த நாளைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பியதில் நால்வருக்கும் கோபம். அதில் ஒருத்தி நேராகக் கரண்ட் ஆபீசுக்குப் போய், அனுமதி இல்லாமல் ஒரு வீட்டில் கரண்ட் தயாரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். மதியம் லைன்மேன் அருள்ராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். மீட்டரைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், அட்டையைப் படித்தார், சிரித்தார், தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மொத்தம் எட்டு நிமிடம்.

மாலைக்குள் 'பவுல்துரை வீட்டில் ரெய்டு' என்று ஆகிவிட்டது. ஜீப்பில் வந்தார்களாம். தறியை எண் போட்டு எழுதிக்கொண்டு போனார்களாம். படவேட்டிலிருந்து ஜெசியின் பெரியம்மா போன் செய்து, ஜாமீனுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள்.

இந்தக் கூத்து அத்தனையிலும் பவுல்துரை தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. தேநீருக்குக்கூட எழவில்லை. செல்லியம்மாள் தார் கொடுக்கும்போது மட்டும் கையை நீட்டுவார். வியாழக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போன ஹெப்சிபா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"இன்னாங்க, ஊர்க்காரங்க பேச்சுக்கா அழுவறீங்க?"

அவர் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தார். "போ, போ. அப்பறம் வரேன்."

ஹெப்சிபா அடுப்படியில் உட்கார்ந்து அவளும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் கௌரவத்துக்காக அந்த மனிதர் உள்ளுக்குள் எப்படி வேகிறார் என்பதைப் பக்கத்து வீட்டிலும், அதற்குப் பக்கத்து வீட்டிலும், சபையின் பெண்கள் கூட்டத்திலும் சொல்லிவிட்டு வந்தாள். குடும்ப மானத்தைக் காக்க வேண்டிய கடமை அவளுக்கும் உண்டு.

சனிக்கிழமை ஹேமநாத் முத்திரைப் பெட்டியோடு வந்தபோது சார்லி அருள்ராஜையும் வரவழைத்திருந்தார்.

"சார், ஒரே சோதனை. வீட்டு பியூஸ் கட்டையைப் புடுங்கிடலாம். கரண்ட்டே இல்லாம தறி ஓடுதா, போன்ல சார்ஜ் ஏறுதா, நீங்களே பாருங்க. அதுக்கப்பறம் உங்க இஷ்டம்."

அருள்ராஜ் பியூசைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கூடத்து மின்விசிறி நின்றது. வாசலில் இப்போது தெருவே கூடியிருந்தது. முன்வரிசையில் தென்னரசு.

பவுல்துரை மிதித்தார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஜரிகை ஏறியது.

"போனைக் காட்டுங்க ஐயா" என்றார் ஹேமநாத்.

பவுல்துரை பையிலிருந்து போனைப் பாதி மட்டும் வெளியே இழுத்தார். கட்டை விரலால் திரையை மூடிக்கொண்டு மேல் மூலையை மட்டும் காட்டினார். பச்சைப் பேட்டரி அடையாளம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"முழுசாக் காட்டலாமே."

"கேட்டது சார்ஜு. காட்டிட்டேன்" என்று போனைப் பைக்குள் தள்ளினார் பவுல்துரை. நேர்மையானவனிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்கும்.

ஹேமநாத் நிமிர்ந்தார். அவர் முகம் மாறியிருந்தது. "மன்னிச்சிடுங்க ஐயா. உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு. இது சுத்தமான கைத்தறி." எல்லார் கண் முன்னாலும் தறிக்கு அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். புடவை இறங்கியதும் முத்திரையைத் தானே வந்து குத்துவதாகச் சொன்னார்.

தென்னரசு மெல்ல நழுவப் பார்த்தான். கூட்டம் வழி விடவில்லை.

அருள்ராஜ் பியூசைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார். "ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா சார்? இவரு நெனச்சிருந்தா மொத நாளே ஒயரைக் கழட்டிப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். மருமகப் புள்ள மானத்துக்காகப் பாவு போனாலும் பரவால்லன்னு நின்னாராம். வியாழக்கிழமை கண்ணுல தண்ணி வுட்டாராம். இந்தக் காலத்துல எந்த மாமனார் சார் அப்படி நிப்பாரு?"

வாசலில் இரண்டு மூன்று பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். சார்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஹேமநாத் தறியைப் பார்த்துக் கை கூப்பினார். பவுல்துரை எதையும் காதில் வாங்காமல் நெய்துகொண்டிருந்தார்.

செல்லியம்மாள் ராட்டையை நிறுத்தவில்லை, தலையும் தூக்கவில்லை.

"அதெல்லாம் பொய்யி. மருமவனுக்காகவும் இல்ல, மானத்துக்காகவும் இல்ல. ஜெசி பாப்பா போன்ல வுட்டுட்டுப் போன கொரியாக்காரங்க சீரியல்ல இன்னும் ஒம்பது பாகம் பாக்கி கீது, வியாழக்கெயமதான் அதுல வர்ற பொண்ணு புருசன் செத்தான். நம்பிக்கை இல்லன்னா அண்ணன் துண்டை அவுத்துக் காதைப் பாருங்க."